சிவப்புப் பெருக்கல் குறி

ஆறு குழுக்களும் ஆறு வரைபடங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனபின், திருத்துவதற்காகப் பேனா மூடியைக் கழற்றிய செலினா டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வரைபடத்திலும் புதையல் ஒரே இடத்தில் இருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. காலையில்தான் அவள் தன் கையால் ஆறு துண்டுச்சீட்டு எழுதி, ஆறு குழுத் தலைவர்களிடமும் தனித்தனியாகக் கொடுத்திருந்தாள். ஒரு குழுவுக்குக் கொடிமேடை, ஒரு குழுவுக்குக் குழாயடி, இன்னொன்றுக்கு மாடிப்படிக்குக் கீழே என்று ஆளுக்கொரு மறைவிடம். ரப்பரும் ஒட்டுப்படமும் போட்ட பழைய ஜாமெட்ரி பெட்டியை அங்கே ஒளித்துவைக்க வேண்டும். பிறகு தப்படி எண்ணி நடந்து, திசை குறித்து, புதையல் இருக்கிற இடத்தில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு வரைபடம் வரைய வேண்டும். வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர்கள் பார்வைக்கு வரும்போது, ஒரு குழு வரைந்ததை வைத்து இன்னொரு குழு தேடிக் கண்டுபிடிக்கும். செல்போனில் வீடியோ பார்த்து அவளே யோசித்த ஏற்பாடு அது.

ஒரு வரைபடம் கேட்டிலிருந்து கிளம்பியது, ஒன்று கொடிமேடையிலிருந்து, ஒன்று கழிப்பறை வாசலிலிருந்து. ஆறு கோடுகளும் ஆறு விதமாக வளைந்து வந்து, சத்துணவுக் கூடத்துக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கிற வெற்று மண்ணில் முடிந்தன. அங்கே யாருக்கும் அவள் மறைவிடம் கொடுக்கவில்லை.

"ஏட்டி சிவரஞ்சனி, இங்க வா. ஒங்க குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த எடம் எது?"

"கொடிமேடை டீச்சர்."

"பெட்டிய அங்கதான வச்சீங்க?"

"ஆமா டீச்சர். அங்கனதான் இருக்கு."

"அப்ப இங்க என்னத்துக்குச் சிவப்புல போட்டுருக்க?"

"அதுதான் டீச்சர் புதையல்."

"பெட்டிதாம்ட்டி புதையல்."

சிவரஞ்சனி கணக்கில் தப்புச் செய்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள். "பெட்டிய ஒளிச்சுத்தான டீச்சர் வச்சோம். புதைக்கலையே. புதைச்சாத்தான புதையல்?"

யாராவது சிரிப்பார்கள் என்று செலினா எதிர்பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். அதில் ஒருத்தி அவள் பெற்ற மகள் எப்சி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மதிலுக்கு அந்தப்புறம் பஞ்சாலை இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ராஜபாளையத்தை விட்டுச் சோழபுரம் போகிற ரோட்டில், பஞ்சாலை மதிலை ஒட்டி ஒதுங்கிய சின்னப் பள்ளிக்கூடம் அது. செலினா இந்த ஜூன் மாதம்தான் அங்கே மாறுதலாகி வந்திருந்தாள். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள். சத்துணவுக் கூடத்தின் பின்சுவரில் பல வருஷத்துப் புகை கருப்பாகப் படிந்திருந்தது. அடிப்பிடித்த சோற்று வாடையும் நனைந்த சாம்பல் வாடையும் அந்தச் சந்தில் காற்றுக்கு வழியில்லாமல் தேங்கிக் கிடந்தன. கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வேறு எதுவும் இல்லை. பிள்ளைகள் சொல்லாமலே வட்டமாக நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, விளிம்பில் கால் விரல்களை ஒட்டிவைத்து நின்றார்கள். அந்த நடு இடத்தை ஒரு கால்கூட மிதிக்கவில்லை.

அவளுக்கு எரிச்சல் ஏறியது. நவாஸ் கையிலிருந்த வரைபடத்தை வாங்கினாள். "நாப்பத்தேழு தப்படின்னு போட்டுருக்க. எண்ணு பாப்போம்."

நவாஸ் கேட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தான். நாற்பத்தேழில் அவன் சமையல்கூட வாசலைக்கூடத் தாண்டவில்லை. "பாத்தியா? தப்பு."

"என் தப்படி இல்ல டீச்சர்," என்றான் அவன். "கீழ போட்டுருக்கோமே."

வரைபடத்தின் அடியில், அளவு எழுதுகிற இடத்தில், உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தது: *ஒரு சென்டிமீட்டர் = டீச்சர் தப்படி நான்கு.*

வீம்புக்குத்தான் நடந்தாள். கேட்டில் தொடங்கி, எப்போதும் நடக்கிற நடையில், வாய்க்குள் எண்ணிக்கொண்டு. நாற்பத்தேழாவது தப்படியில் அவள் செருப்பு நுனி அந்த வெற்று இடத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது.

வகுப்புக்குத் திரும்பியதும் ஆறு வரைபடங்களையும் ஒன்றாகச் சேர்த்து, பிள்ளைகள் கண் முன்னாலேயே கிழித்தாள். "ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிட்டு எங்கிட்டயே வெளாடுதியளா? புதன்கெழம புதுசா வரையணும். ஒழுங்கா வரையணும்."

அன்றைக்குச் சாயங்காலம் மணி அடித்தபோது யாரும் 'வாரோம் டீச்சர்' சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கணவன் ரிச்சர்டுக்கு அந்த வாரம் மில்லில் இரவு ஷிப்டு. தாயும் மகளும் மட்டும்தான். கோயில் மணிச்சத்தம் ஓய்ந்ததும் வழக்கம்போலக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிச் செலினா ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் மகளின் வாய் முணுமுணுப்பது கேட்டது. கூடவே ஜெபிக்கிறாள் என்று முதலில் நினைத்தாள். கொஞ்சம் நிறுத்திக் காது கொடுத்தாள்.

"...நாப்பத்தஞ்சு... நாப்பத்தாறு..."

"என்னத்தட்டி எண்ணுத?"

எப்சி கண்ணைத் திறக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா."

"அம்மாகிட்ட சொல்லு. அந்த எடத்த ஒங்களுக்கு யாரு காட்டினா?"

"யாரும் காட்டல. நீ நடந்து போவேல்ல. அதத்தான் எண்ணினோம்."

"நான் என்னைக்குட்டி அங்க நடந்து போனேன்?"

எப்சி இப்போது கண்ணைத் திறந்தாள். தூக்கம் வருகிற குரலில், ஒரு சின்னத் திருத்தம் சொல்வதுபோல, "போவ," என்றாள்.

புதன்கிழமை காலையில் செலினா உள்ளே நுழைந்தபோது வகுப்பு எழுந்து நின்றது. வணக்கம் சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார்கள். பேர் வாசித்தாள், கை மட்டும் உயர்ந்தது. அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து முப்பத்தொரு பேர் தன் காலையே பார்க்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. மேசையிலிருந்து பலகைக்கு மூன்று தப்படி. பலகையிலிருந்து ஜன்னலுக்கு ஐந்து. பென்சில்கள் கீச்சிட்டன. ஒவ்வொரு தடவை அவள் காலெடுத்து வைக்கும்போதும். கால் நின்றால் பென்சிலும் நின்றது.

இந்தத் தடவை ஒவ்வொரு குழுவையும் தனியாக உட்கார வைத்து, நடுவில் தானே நின்று காவல் காத்தாள். வந்த ஆறும் மறுபடி அதே இடத்துக்குத்தான் போயின. மரம், குழாய், கொடிக்கம்பம் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் கட்டம் போட்டுக் குறியீடு விளக்கம் எழுதியிருந்தார்கள், அவள் சொல்லிக் கொடுத்தபடியே. நீலப் புள்ளி என்றால் குழாயடி. பச்சை முக்கோணம் என்றால் வேப்பமரம். சிவப்புப் பெருக்கல் குறிக்கு நேரே, போன தடவை 'புதையல்' என்றிருந்த இடத்தில், ஆறு கையெழுத்தில் ஒன்றுபோல எழுதியிருந்தது: *செலினா டீச்சர்.*

அவற்றை அவள் கிழிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அதை முன்வரிசையில் ஒரு பிள்ளை கவனித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் காதில் ஏதோ சொன்னது. கேட்டுக்கொண்ட பிள்ளை எப்சி.

வியாழக்கிழமை காலையில் சத்துணவு சமைக்கிற பானுப்பிரியா சத்தம் போட்டுக்கொண்டே ஓடிவந்தாள். "டீச்சர், பின்னால எவனோ குழி வெட்டிப் போட்டுருக்கான்! கழனித் தண்ணி ஊத்தப் போனேன், செத்த அசந்திருந்தா உள்ள விழுந்திருப்பேன்!"

இடுப்பளவு ஆழம். நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த, பழைய மண் வாடை வந்தது. ஆனால் தோண்டிய மண் எங்கேயும் இல்லை. பக்கத்தில் குவியல் இல்லை. சுவர் ஓரமாகச் சிந்தலும் இல்லை. தலைமையாசிரியர் விஜயபாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "குழாய் போடுறவனுக தோண்டியிருப்பானுக. மூடச் சொல்லுவோம்," என்றார்.

"சார், எனக்கு நாளைக்கு லீவு வேணும்."

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதிய? நாளைக்கு ஆபீசர்க வாராங்க. ஒங்க புதையல் வேட்டையப் பாக்கத்தான வாராங்க? சனிக்கெழமையில இருந்து எம்புட்டு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரிச்சர்டிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டு வாளியை மூடிக்கொண்டே சிரித்தான். "புள்ளைக சேந்துகிட்டு டீச்சரப் பயங்காட்டுதுக. நம்ம எப்சியும் கூட்டுச் சேந்துருக்கா. நாளைக்கு ஒரு நா போயிட்டு வா, பொறவு பேசுவோம்." எப்சி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. ஒரு மணிக்கு மழை. கொட்டுகிற மழை. அலுவலர்கள் வரவில்லை என்று போன் வந்தது. இரண்டரைக்குப் பள்ளியே விட்டாயிற்று. மற்ற வகுப்புகள் கூச்சலும் குடையுமாகக் கலைந்து போயின. ஐந்தாம் வகுப்பு இரண்டு வரிசையாக, ஒரு சத்தமில்லாமல், மழைக்குள் இறங்கி நடந்து கேட்டைத் தாண்டிப் போனது. செலினா தாழ்வாரத்தில் நின்று தலைகளை எண்ணினாள். முப்பது.

"பூட்டிட்டுச் சாவியப் பானுப்பிரியா வீட்டுல கொடுத்துருங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு விஜயபாண்டி பைக்கில் கிளம்பினார்.

"எப்சி! பையெடுத்துட்டு வா, மினி பஸ்ஸ விட்டுருவோம்."

எப்சி வரவில்லை. வகுப்புக்குள் திரும்பினாள். கரண்ட் போயிருந்தது. ஈரச் சாக்பீஸ் வாடை. ஓட்டில் விழுகிற மழைச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. எப்சியின் பை மட்டும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, அதன்மேல் ஒரு தாள் விரித்து வைத்திருந்தது.

ஏழாவது வரைபடம். அதில் மரம் இல்லை, குழாய் இல்லை, கட்டடம் இல்லை. ஒரு முனையில், 'அம்மா நிக்கிற எடம்'. மறுமுனையில் சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டுக்கும் நடுவே ஒரே கோடு. கோட்டின்மேல், 62.

தாளைக் கசக்கி எறிந்தாள். மகள் எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்தப் பக்கம் தனியாகப் போக உடம்பு மறுத்தது. முதலில் கேட்டுக்குப் போக வேண்டும்; எதிர்வீட்டுப் பானுப்பிரியாவைக் கூப்பிட வேண்டும்; அவளையும் அவள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நேரே பஸ்ஸேறி, இனி இந்தப் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்கக் கூடாது. தாழ்வாரத்தின் படியிறங்கி மழைக்குள் நடந்தாள். சேலை காலில் ஒட்டிப் பின்னியது. இடது பக்கம் கொடிக்கம்பம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வலது பக்கம் வேப்பமரம். நேர் எதிரே கேட்டின் கம்பிகள். எண்ணக் கூடாது என்று நினைத்தாள். மனசு எண்ணிக்கொண்டுதான் வந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. கேட்டின் தாழ்ப்பாள், துரு, அதில் தொங்குகிற மழைத்துளி எல்லாம் தெரிந்தன. அறுபத்தொன்று. கையை நீட்டினாள்.

அறுபத்திரண்டு.

கையில் பட்டது இரும்பு இல்லை. நனைந்த செங்கல். மூக்கில் அடிப்பிடித்த சோற்று வாடை. சமையல்கூடத்தின் பின்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கால் நுனியில் குழி. அம்மாம் பெரிய மழையிலும் அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

கத்தினாள். ஓடினாள். கட்டடத்தைச் சுற்றி, மறுபடி கேட்டைப் பார்த்து. கேட் தெரிந்தது. அதற்கு அப்பால் ரோட்டில் ஒரு டிராக்டர் விளக்குப் போட்டுக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது. "ஐயா! ஐயா!" என்று கூப்பிட்டாள். அறுபத்திரண்டு. செங்கல். சோற்று வாடை. குழி.

மதில் ஏறிவிடலாம் என்று எதிர்த்திசையில் போனாள். குழி.

கண்ணை மூடிக்கொண்டு. குழி.

தப்படியைக் குறைத்து, குழந்தைபோல அடிமேல் அடி வைத்து. எத்தனை என்றே தெரியாமல். குழி.

"ஏசப்பா," என்றாள். "ஏசப்பா. ஏசப்பா." செல்போனை எடுத்தாள், ஈர விரலுக்கு அது திறக்கவே இல்லை.

நடந்தால்தானே எண்ணிக்கை. நடக்காவிட்டால்? முதுகைச் சுவரோடு ஒட்டினாள். இரண்டு கையையும் சுவரில் ஊன்றினாள். இனி ஒரு காலையும் எடுப்பதில்லை. ராத்திரி ஆனாலும் சரி. ரிச்சர்ட் தேடி வருவான். வந்துதானே ஆக வேண்டும். மழை சன்னமாயிற்று. மில் இயந்திரங்களின் இரைச்சல் கேட்கவில்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை. இத்தனை மாதத்தில் அது நின்று அவள் கேட்டதே இல்லை.

"அம்மா."

சமையல்கூடத்து மூலையில் எப்சி நின்றாள். பத்திரமாக இருந்தாள். முழுசாக இருந்தாள். செலினாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "எங்கட்டி போன? எம்புட்டு நேரமாத் தேடுதேன்! வா, அம்மாட்ட வா. போயிருவோம்."

எப்சி வந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது. சீருடை காய்ந்திருந்தது. அம்மாவை அண்ணாந்து பார்க்கவில்லை. மேலிருந்து பார்த்தாள். பத்து வயசுப் பிள்ளையின் கண் எப்படித் தன் கண்ணுக்கு மேலே இருக்கிறது என்று செலினாவுக்கு ஒரு கணம் புரியவில்லை.

குனிந்து பார்த்தாள்.

அவள் குழிக்குள் நின்றிருந்தாள். காலை எடுக்கவில்லை. ஒரு தப்படியும் வைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தது சுவர் இல்லை, மண். இடுப்பு வரை மண். கால் இருந்த இடத்தில் பாரம் மட்டும் இருந்தது. கனமான, ஈரமான, நாலு பக்கமும் நெருக்குகிற பாரம்.

"எப்சி. கையக் கொடு. அம்மாவத் தூக்கு."

"செத்த நேரம் அசையாம நில்லும்மா," என்றாள் எப்சி. கோபம் இல்லை குரலில். எதுவுமே இல்லை. விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்து, அம்மாவின் இடுப்பைச் சுற்றியிருந்த மண்ணை இரண்டு உள்ளங்கையாலும் தட்டினாள். தட்டித் தட்டி இறுக்கினாள்.

மூலையைச் சுற்றிச் சிவரஞ்சனி வந்தாள். இரண்டு கையிலும் மண். அதை மெல்லக் கொட்டிவிட்டு நகர்ந்தாள். அடுத்து நவாஸ். அடுத்து இன்னொன்று. தள்ளுமுள்ளு இல்லை. பேச்சு இல்லை. ஒவ்வொரு கையாக. ஒவ்வொரு பிடியாக. ஒவ்வொரு முகத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கெஞ்சினாள். மண் மார்புக்கு வந்தது. மூச்சு பாதிதான் உள்ளே போயிற்று. எப்சி தட்டினாள்.

முப்பது பிள்ளைகளும் கொட்டி முடித்தார்கள். அவள் வகுப்பில் அதற்கு மேல் பிள்ளைகள் இல்லை.

வரிசை முடியவில்லை.

அடுத்து வந்து நின்ற உருவத்தை அவளுக்குத் தெரியாது. சீருடை இல்லை. கைநிறையக் கரிசல் மண் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்திலும் மண்ணே இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும். மைதானத்தைக் கடந்து, திறந்து கிடந்த கேட்டைக் கடந்து, ரோட்டோரம் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. எல்லாம் பொறுமையாக, கையேந்தி, தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தன.